தீவன மரம் நட்டால் கார்பன் பணம் வருமா, மண்ணாவது தேறுமா?

"3 ஏக்கர் மானாவாரி, 20 வெள்ளாடு. தீவன மரம் வைத்தால் கார்பனுக்குப் பணம் தருவார்களாம், மண்ணும் வளமாகுமாம், நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டுக்காகவும் மண்ணுக்காகவும் தாராளமாக வையுங்கள், கார்பன் பணத்தை மட்டும் வரவில் எழுதிவிடாதீர்கள்.

எங்களுடையது தாராபுரம் பக்கம் செம்மண் சரளைக் காடு. 2016இல் ஒரு ஏக்கரில் அகத்தி, சவுண்டல் (சூபாபுல்), கிளைரிசிடியா மூன்றும் வைத்தேன். அகத்தி ஆறே மாதத்தில் தழையைக் கொட்டியது, அந்த ஆசையில் இடுப்பு உயரத்துக்கு மொட்டையடித்தேன், பாதி பட்டுப்போய்விட்டது. பக்கக் கிளையை மட்டும்தான் ஒடிக்க வேண்டுமாம், பிறகுதான் தெரிந்தது. சவுண்டல் எத்தனை தடவை வெட்டினாலும் தழையும், ஆனால் காயை முற்ற விட்டீர்களோ தொலைந்தது, அடுத்த மழைக்குக் காடு முழுக்க முளைத்து நிற்கும். அதையே முழுத் தீவனமாகவும் போடாதீர்கள், மைமோசின் என்ற நச்சு இருக்கிறது, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நான் தாண்டினேன், ஒரு பெட்டையாட்டின் முதுகைத் தடவினால் முடி கையோடு வந்தது. கிளைரிசிடியா வாடைக்கு ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், காலையில் வெட்டிச் சாயங்காலம் வரை வாடவிட்டால் தின்கிறது.

சரி, கார்பன். காய்ந்த கட்டையில் பாதி எடை கார்பன், ஒரு கிலோ கார்பன் என்றால் 3.67 கிலோ கரியமில வாயு. கார்பன் பணத்தைக் கிரெடிட் கணக்கில்தான் தருவார்கள், ஒரு கிரெடிட் என்பது காற்றிலிருந்து பிடித்துவைத்த ஒரு டன் கரியமில வாயு, ஆக ஒரே ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 550 கிலோ கட்டை காட்டில் புதிதாகச் சேர்ந்து நிற்க வேண்டும். நீங்களோ 45 நாளுக்கு ஒரு தடவை அரிவாளைத் தூக்குவீர்கள். ஆடு தின்ற தழையில் பெரும்பகுதி மூச்சாகவும் ஏப்பமாகவும் காற்றுக்கே போய்விடும், மிச்சம் புழுக்கை. எங்கள் ஊருக்கு வந்த கார்பன் தரகர் நீட்டிய தாளில் பல வருடம் மரத்தை வெட்டக் கூடாது என்று இருந்தது. தழை வெட்டலாமா என்றேன், விசாரித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான்.

மண் கதை வேறு. வெட்டும்போதெல்லாம் நுனி வேர் கொஞ்சம் மடிந்து உள்ளேயே மட்குகிறது, இந்த மூன்று மரத்துக்கும் வேர் முடிச்சு உண்டு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துவைக்கும். மண் பரிசோதனையில் முதலில் அங்ககக் கரிமம், அதாவது மண்ணில் மட்கிச் சேர்ந்த கார்பன், 0.31 சதவீதம், ஏழு வருடம் கழித்து வரிசையை ஒட்டி எடுத்த மண்ணில் 0.42. வரிசைக்கு நடுவில் எடுத்ததில் ஒரு மாற்றமும் இல்லை! 0.5க்குக் கீழே எல்லாமே 'குறைவு' என்பதால் மண்வள அட்டையில் இன்னும் அதே வார்த்தைதான். ஆனால் ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணே சுமார் 900 டன் இருக்கும், அது முழுக்க 0.1 சதவீதம் ஏறினால் 0.9 டன் கார்பன், அதாவது மூணேகால் டன் கரியமில வாயு. மழை பெய்தால் வரிசையோரம் தண்ணீர் நிற்காமல் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், எனக்கு அது போதும்.

இத்தனைக்கும் தாத்தா விட்டுப்போன கொரங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காடு, அடுத்த வயலிலேயே இருந்தது, நான்தான் மதிக்கவில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல் மரம், யாரும் நட்டு வளர்த்ததல்ல, புழுக்கையில் வந்த விதை முளைத்ததுதான் பாதி. அரிவாள் படாததால் கட்டையும் பருத்துக்கொண்டே போகிறது. நிழல் மெல்லியது என்பதால் அடியில் புல் சாவதில்லை. கோடையில் புல் காய்ந்து சருகாகிற நேரத்தில் வெள்வேல் காய் உதிரும், ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு அடுத்த மரத்துக்கு ஆடே ஓடும்.

உங்கள் மண் எப்படியோ தெரியாது, சரளையாக இருந்தால் ஓரத்தில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றுங்கள், நடுவில் தானாக முளைக்கிற வெள்வேலை இரண்டு மூன்று வருடம் ஆடு கடிக்காமல் முள் கட்டிக் காப்பாற்றுங்கள். சவுண்டல், தண்ணீர் பாய்கிற மூலையில் ஒரு வரிசை போதும். அகத்தி பட்ட இடத்தை நான் அப்படியே விட்டேன், இப்போது அங்கே ஆறு வெள்வேல் நிற்கிறது.