ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: வயது 34, திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்னிங் வேலை. ஆறு மாதமாக இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாக அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த ஆயின்மென்ட்டுக்கு நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் பெரிதாக வருகிறது. இப்போது மனைவிக்கும் வந்துவிட்டது. மகனுக்குக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு, அதுவும் இதுதானா?

பதில்: உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் படர்தாமரை, தோலில் பூஞ்சை தொற்றி வருவது. ஆனால் ஆறு மாதம் இழுத்ததற்கு அந்த ஆயின்மென்ட்தான் காரணமாக இருக்க வேண்டும். ட்யூபின் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கிவிடும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும், தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழுந்தால் அது போகவே போகாது. 2018-இலேயே இவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது, விற்பனை என்னவோ சோப்பு மாதிரிதான் நடக்கிறது.

படர்தாமரையில் ஓரம்தான் முக்கியம். ஓரம் தடித்துச் சிவந்து செதில் விட்டிருக்கும், நடுத்தோல் ஏறக்குறையத் தெளிந்திருக்கும், ஏனென்றால் பூஞ்சை ஓரத்தில்தான் மேய்ந்துகொண்டு போகிறது. சோதனைக்கு நாங்கள் சுரண்டுவதும் அங்கேதான், மைக்ராஸ்கோப்பில் நூல் நூலாகத் தெரியும். ஸ்டீராய்டு போட்ட தோலில் இந்த ஓரமே மங்கி, பார்க்கிற டாக்டரையும் குழப்பிவிடும். நடுவும் நிறைந்து நீர் கசிந்தால் கரப்பானாக (எக்சிமா) இருக்கலாம். முழங்கையிலும் முட்டியிலும் வெள்ளி மாதிரி கனத்த செதில் என்றால் சொரியாசிஸைத்தான் முதலில் நினைப்போம். முதுகில், சுரண்டினால் மாவாக உதிரும் தேமலும் பூஞ்சைதான், ஆனால் ஒட்டாது.

மகனுக்கு? வயிற்றில் பூச்சி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அது வெறும் வறட்சி, மாய்ஸ்சரைசர் தடவினால் மெல்ல மறையும். ஆனால் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள், அந்த இடத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்கு மருந்து இலவசம்.

சரி, நீங்களும் மனைவியும் ஒரே நாளில் தோல் மருத்துவரைப் பாருங்கள், ஒருவர் மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். பூஞ்சைக் களிம்பை வட்டத்தைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்குப் பூச வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது. மாத்திரையும் தேவைப்படலாம். துண்டு, உள்ளாடை தனித்தனியாக, வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும். வேலை முடிந்ததும் வியர்வையோடு உட்காராமல் குளித்து, இடுக்கை நன்றாகத் துடையுங்கள்.

ஸ்டீராய்டை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும், பயந்து மறுபடி அதையே எடுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது அந்த ட்யூபையும் கொண்டுபோங்கள்.