அண்ணனுக்கு ஸ்டீராய்டு, எனக்கு ஏன் இல்ல?

கேள்வி: டாக்டர், எனக்கும் எங்க அண்ணனுக்கும் ஒரே நாள்ல கொரோனா பாசிட்டிவ். ஒரு வாரம் கழிச்சு அவருக்கு ஆக்சிஜன் 86க்கு இறங்கி, அட்மிட் பண்ணி ஸ்டீராய்டு போட்டு குப்புற படுக்க வச்சாங்க, ஆனா அப்பக்கூட அவரு சாதாரணமா போன் பேசிட்டுதான் இருந்தாரு. எனக்கு பாராசிட்டமால் மட்டும்தான். ஒரே வைரஸுக்கு ஏன் ரெண்டு வைத்தியம்?

பதில்: வைரஸ் ஒண்ணுதாங்க, நுரையீரல் நிலைமைதான் வேற. முதல் சில நாள் வைரஸ் பெருகுற நேரம், பேக்ஸ்லோவிட் மாதிரி ஆன்ட்டிவைரல்லாம் (வைரஸ் பெருகாம தடுக்கிற மருந்து) ரிஸ்க் இருக்கிறவங்களுக்கு 5 நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் பிரயோஜனம். அதுக்கப்புறம் சிலருக்கு மட்டும் உடம்போட எதிர்ப்பு சக்தியே தறிகெட்டு நுரையீரலை அடிக்க ஆரம்பிக்கும், ஸ்டீராய்டு அதை அடக்கத்தான். 2020ல பிரிட்டன்ல நடந்த ரெகவரி ஆய்வுல டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டை தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தாங்க. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, ஆக்சிஜன் மட்டும் வச்சவங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு, ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு பலன் பூஜ்யம். நீங்க அந்த கடைசி கோஷ்டி, உங்களுக்கு போட்டிருந்தா சுகர் ஏறினதுதான் மிச்சம்.

86லயும் போன் பேசினாரே, அதுதான் எங்களையே குழப்பின விஷயம். இத்தாலி டாக்டர் லூசியானோ கட்டினோனி 2020லயே சொன்னாரு, சிலருக்கு ஆக்சிஜன் குறைஞ்சாலும் நுரையீரல் பலூன் மாதிரி இளக்கமாத்தான் இருக்கு, அதனால பெருசா மூச்சு வாங்காது, சிலருக்கு தண்ணி குடிச்ச ஸ்பாஞ்ச் மாதிரி கனத்து விறைச்சுப் போயிடுது, ரெண்டுக்கும் வென்டிலேட்டர்ல ஒரே காத்து பிரஷர் வைக்காதீங்கன்னு. அப்படி ரெண்டே ரெண்டு வகையா பிரிச்சிட முடியாது, நடுவுல நிறைய பேர் இருக்காங்கன்னு அப்புறம் பெரிய சண்டையே நடந்துச்சு (என் ஓட்டு அந்த நடு ஆளுங்களுக்குத்தான்), ஆனா ஆளைப் பாத்து பிரஷர் வைக்கணும்ங்கிறதுல தகராறு இல்ல.

ரத்தம் உறையாம இருக்க போடுற ஹெப்பாரின் கதையும் இப்படித்தான், முழு டோஸ் வார்டுல இருந்தவங்களுக்கு உதவுச்சு, ஐசியூக்கு போயிட்டவங்களுக்கு உதவல.

குப்புற படுக்கிறது ஏன்னா, மல்லாந்து படுத்தா நுரையீரலோட முதுகுப் பக்கம் அமுங்கி காத்து சரியா போகாது, ஆனா ரத்தம் அங்கதான் அதிகமா ஓடும். திருப்பிப் போட்டா அந்தப் பக்கம் விரியும், சிலருக்கு கொஞ்ச நேரத்துலயே ஆக்சிமீட்டர் நம்பர் ஏறுறதை கண்ணால பாக்கலாம்.