‘டேட்டாபேஸ் கனெக்ட் ஆகேல்லை’: வன்னியிலிருந்து வந்த ஐந்து கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசியும் ஒரே வரிதான், ‘டேட்டாபேஸ் கனெக்ட் ஆகேல்லை’. அதைக் கேட்டதும் நான் திருப்பிக் கேட்பது ஒன்று: டேட்டாபேஸ், அதாவது பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இடம், எங்கே இருக்கிறது? போனுக்குள்ளேயே ஒரு ஃபைலாகவா, இல்லை கடையில் இருக்கும் கொம்பியூட்டரிலா? அது தெரியாமல் ரவுட்டரை நிறுத்திப் போடுவதில் பலன் இல்லை. தயவுசெய்து ஆப்பை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், உள்ளே இருக்கிற ஃபைலும் அதோடு போய்விடும்.

ஒட்டுசுட்டான் பக்கம் வீடு வீடாகப் பால் எடுத்து, லீற்றர் கணக்கை போன் ஆப்பில் பதிகிறோம். சில இடங்களில் மட்டும் ‘டேட்டாபேஸ் இஸ் லொக்ட்’ என்று வந்து பதிவு நின்றுவிடுகிறது. சிக்னல் பிரச்சினையா அண்ணை?

பாதி சரியாகப் பிடித்துவிட்டீர்கள் தம்பி. உங்கள் ஆப்பில் இருப்பது எஸ்கியூலைட், அது போனுக்குள் இருக்கும் ஒரு ஃபைல், அதைத் திறக்க சிக்னலே தேவையில்லை. ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். நீங்கள் அனுப்பிய ப்ரோகிராம் கோடைப் பார்த்தேன்: சிங்க், அதாவது பதிவுகளைச் சேர்வருக்கு அனுப்பும் வேலை, நடக்கும்போது ஆப், ஒரே தொகுப்பாக எழுதி முடிக்கும் ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்து, ‘அனுப்பியாச்சு’ என்று எழுதத் தொடங்கி, அதை மூடாமலே சேர்வருக்குப் பதிவை அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருக்கிறது. டவுனில் அரைச் செக்கனில் பதில் வந்துவிடும், யாருக்கும் தெரியாது. காட்டுக்கரை வீடுகளில் சிக்னல் ஒரு கோடாகக் குறையும்போது அந்தக் காத்திருப்பு முப்பது செக்கனாகிறது, அவ்வளவு நேரமும் பூட்டு விழுந்தே கிடக்க, அடுத்த வீட்டுப் பாலை நீங்கள் பதியப் பார்க்கிறீர்கள்.

அனுப்ப வேண்டிய வரிகளை முதலில் வாசித்து எடுத்துக்கொள்ளுங்கள், டேட்டாபேஸை விட்டுவிடுங்கள், பிறகு அனுப்புங்கள். பதில் வந்ததும் ஒரு சின்ன டிரான்சாக்‌ஷனில் குறித்து உடனே மூடுங்கள். அப்புறம், ஒவ்வொரு திரையும் தனித்தனியாக டேட்டாபேஸைத் திறக்கிறது, ஆப் முழுக்க அதைத் திறந்து கொடுக்கும் ஒரே ஹெல்பர் போதும். ‘வால்’ (WAL, புதிய பதிவை முதலில் தனி ஃபைலில் எழுதும்) முறையைப் போட்டால் ஒருவர் எழுதும்போது மற்றவர் வாசிக்கலாம். ஆனால் எழுதுவது அப்போதும் ஒருவர்தான். பூட்டுத் திறக்கும்வரை காத்திருக்கும் நேரமான பிஸி டைம்அவுட்டை 5000 மில்லி செக்கன் வையுங்கள், அது தற்காலிக உதவிதான், அதை மட்டும் கூட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு பதிவு தவறினால் ஒரு வீட்டின் அன்றைய பால் காசு தவறுகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிறேன். என் ஆப், லேப்டொப்பில் போனைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஓடுகிறது, உண்மையான போனில் போட்டால் ‘கனெக்‌ஷன் ரிஃபியூஸ்ட்’.

கோடில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ அல்லது 10.0.2.2 இருக்கிறதா பாருங்கள் தங்கச்சி. போனுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் போனேதான், 10.0.2.2 எமுலேட்டருக்கு மட்டும் விளங்கும் விலாசம். போனும் லேப்டொப்பும் ஒரே வைஃபையில் இருக்க, உங்கள் லேப்டொப்பின் 192.168 என்று தொடங்கும் ஐபியைப் போடுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் சேர்வர் 127.0.0.1இல், அதாவது லேப்டொப்புக்குள் மட்டும், கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மறுக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் மேல் சந்தேகப்படுங்கள். அன்ட்ரொயிட் 9இலிருந்து, மறையாக்கம் இல்லாத வெறும் ஹெச்டிடிபி தானாகவே தடுக்கப்படும், அதையும் மறக்க வேண்டாம். மை எஸ்கியூஎல் என்ற சேர்வர் டேட்டாபேஸுக்கு போனிலிருந்து நேரடியாகப் போகிறீர்கள் என்றால், செயல்திட்டம் என்றாலும் அதை மாற்றுங்கள், ஆப்பைப் பிரித்துப் பார்க்கும் யாருக்கும் பாஸ்வேர்ட் கிடைத்துவிடும். நடுவில், ஆப் கேட்பதை வாங்கி டேட்டாபேஸிடம் எடுத்துத் தரும் ஒரு ஏபிஐ வையுங்கள்.

பரந்தனில் அரிசி மில். ஒவ்வொரு நாளும் விடிய முதல் பில் மட்டும் பிழை காட்டுகிறது, இரண்டாம் முறை அழுத்தினால் சரி.

இரவு எட்டுக்குப் பூட்டி விடிய ஏழுக்குத் திறக்கிறீர்கள், பதினொரு மணித்தியாலம். மை எஸ்கியூஎல் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை வழக்கமாக 28800 செக்கனில், அதாவது எட்டு மணித்தியாலத்தில், தானே வெட்டிவிடும். உங்கள் சேர்வர் ப்ரோகிராமுக்கு அது தெரியாது, பழைய கனெக்‌ஷனையே விடியவும் எடுத்து நீட்டுகிறது. எடுத்துக் கொடுக்கும் முன் உயிரோடு இருக்கிறதா என்று பரிசோதிக்கும் வசதி, திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் கனெக்‌ஷன் பூலில் இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். ரவுட்டர் ஐபியை மாற்றியிருந்தால் இரண்டாம் தடவையும் வேலை செய்திருக்காது, ஆகவே அதைத் தேட வேண்டாம்.

போனைச் சார்ஜ் இறங்கி இரண்டு நாள் விட்டோம், இப்போது எந்தச் சேர்வருக்கும் போகுதில்லை.

திகதியைப் பாருங்கள். பழைய வருடத்துக்குப் போயிருந்தால் சேர்வர் உண்மையானது என்று காட்டும் சான்றிதழை போன் நம்பாது. திகதியைத் திருத்துங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: ஆப்பின் டேட்டாபேஸான .டிபி ஃபைலை பென் டிரைவில் எடுத்து வைத்தோம். போன் விழுந்து உடைந்தபின் திறந்தால் கடைசி நாள் பதிவுகள் இல்லை. இன்னொரு போனில் ‘மால்ஃபோம்ட்’ (ஃபைல் பழுது) என்று வருகிறது.

வால் முறையில் புதிய பதிவுகள் முதலில் பக்கத்தில் இருக்கும் ‘-வால்’ ஃபைலுக்குத்தான் போகும், பிறகுதான் பெரிய ஃபைலோடு சேரும். அதை விட்டுவிட்டு .டிபியை மட்டும் எடுத்தால் கடைசிப் பதிவுகள் வராது. எனக்கும் இது நடந்தது. தொடக்கத்தில் ஒரு சங்கத்துக்கு வேலை செய்தபோது அந்த ஃபைலைக் குப்பை என்று நினைத்து அழித்தேன், ஒரு நாள் முழுக்கப் பதிந்தது போனது, இன்றும் மனதில் கிடக்கிறது. இனி ஆப்பை முழுதாக மூடிவிட்டு, பெயர் பொருந்தும் ஃபைல்கள் எல்லாவற்றையும் சேர்த்தே கொப்பி பண்ணுங்கள். உடைந்த போனின் மெமரியை யாராவது வாசித்து எடுக்க முடிந்தால் அந்த வால் ஃபைலைத்தான் தேடச் சொல்லுங்கள்.

மால்ஃபோம்ட் வந்த போனில் இனி எதையும் பதியாதீர்கள். முதலில் ஃபைல்களைக் கொப்பி பண்ணுங்கள், கொப்பியில் மட்டும் கை வையுங்கள். கொம்பியூட்டரில் எஸ்கியூலைட் கருவியால், ஃபைல் சரியா என்று பார்க்கும் ‘இன்டெக்ரிட்டி செக்’ ஓட்டுங்கள், பிழை காட்டினால் ‘ரிக்கவர்’ கட்டளையால் எடுக்கக்கூடியதைப் புது ஃபைலுக்கு எடுங்கள். வந்த வரிகளை, ஆட்களிடம் இருக்கும் ரசீதுத் துண்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே காசு கணக்குப் பாருங்கள்.