எடை எந்தக் காலில் இறங்குகிறது?

கேள்வி: பத்து ஆண்டுகளாகப் புகைப்படங்களைப் பார்த்து மனித உருவங்களை வரைந்து வருகிறேன். அச்சு அசலாக இருக்கிறது என்றே பார்த்தவர்கள் சொல்வார்கள். அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் முதன்முறையாக மாடலை நேரில் பார்த்து வரைந்தேன். உருவம் சரிந்து விழுவதுபோல் நிற்கிறது. காலும் தலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. குறை என் கையில்தானா, ஐயா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கையில் குறையில்லை, அம்மா. திரண்ட உடலைத் தட்டையான பரப்புக்குள் அடக்குவதுதான் உருவ ஓவியத்தின் மிகக் கடினமான வேலை. புகைப்படத்தில் அதைக் கேமரா முன்பே முடித்துக் கொடுத்துவிடுகிறது. மாடலுக்கு எதிரில் அமர்ந்ததும் அந்த வேலை முழுவதும் உங்களிடம் வந்துவிடுகிறது. அத்துடன், அவர் மூச்சு விடுகிறார், களைக்கிறார். சற்று நேரத்தில் தோள் தளர்கிறது, இடுப்பு சாய்கிறது. தலையை முதல் நிமிடத்திலும் காலை இருபதாம் நிமிடத்திலும் வரைந்திருந்தால், இரு வேறு நிலைகளில் நின்ற உடல்களை நீங்கள் ஒட்டவைத்திருக்கிறீர்கள்.

ஆகவே தலையிலிருந்து தொடங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். ஒரு காலை ஊன்றி மற்றதைத் தளர்த்தி நிற்பவருக்கு, ஊன்றிய பக்கத்து இடுப்பு உயர்ந்தும், பெரும்பாலும் அதே பக்கத்துத் தோள் தாழ்ந்தும் இருக்கும். முன்னிருந்து பார்க்கையில், கழுத்துக் குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது ஊன்றிய பாதத்தின் அருகே வந்து நிற்கும். சோழர் காலத்துப் பார்வதி செப்புத் திருமேனிகளில் இடை ஒசிந்து நிற்கும் திரிபங்கத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அந்த ஒரு செங்குத்துக் கோட்டைத் தாளில் இட்டுக்கொண்டால் உருவம் சரியாது. வரைபலகையையும் நிமிர்த்தி வையுங்கள். மடியில் படுக்கவைத்து வரைந்தால் மேற்பகுதி நம்மை அறியாமல் நீண்டுவிடும்.

வகுப்பின் தொடக்கத்தில் ஒரு நிமிட, இரு நிமிடப் படங்களைக் கரித்துண்டால் வரையுங்கள். முகமும் விரல்களும் வேண்டாம். முதுகெலும்பின் வளைவும் கால்களின் ஊன்றலும் போதும். பெரும்பாலானவை கிழித்துப்போடத் தோன்றும். ஆனால் எங்கோ ஒரு தாளில், நீங்கள் யோசிப்பதற்கு முன்பே கை இழுத்த ஒரு கோட்டில் அந்த உடல் உயிரோடு நிற்கும். எத்தனை ஆண்டுகள் வரைந்தாலும் அந்த மகிழ்ச்சி எனக்குக் குறையவில்லை. புகைப்படத்திலிருந்து வரைந்தபோது ஒருநாளும் அது கிடைத்ததில்லை.

இந்த வாய்ப்பைச் சிறிதாக எண்ணாதீர்கள். 1768இல் லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைக் கழகத்தை நிறுவியவர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்களும் இருந்தனர். ஆயினும் அகாடமி உறுப்பினர்கள் ஆடையற்ற மாடலுடன் கூடியிருப்பதாக யோஹான் சோஃபனி தீட்டிய ஓவியத்தில், அவ்விருவரும் சுவரில் தொங்கும் படங்களாக மட்டுமே இடம்பெற்றனர். பெண்கள் அந்த அறையில் இருப்பது தகாது என்று கருதிய காலம் அது.

அசையாமல் நிற்பது உடலை வருத்தும் உழைப்பு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாடலுக்கு ஓய்வு வேண்டும். அதற்கு முன் பாதங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடிட்டால் அவர் அதே நிலைக்குத் திரும்புவது எளிது. இடைவேளையில், எந்தக் கால் மரத்துப்போனது என்று அவரிடமே கேளுங்கள். பிறகு உங்கள் படத்தில் அந்தக் காலில் எடை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.