1500 வாட் கெட்டிலில் 1026 வாட்தான் வருகிறது: கடையில் ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: வீட்டுக்காரர் விடியுமுன் கடலுக்குக் கிளம்புகிறவர். பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக் கொடுக்க ராமநாதபுரத்தில் 1500 வாட் கெட்டில் ஒன்று வாங்கினேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் கொதிக்கும் என்றார்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. எலக்ட்ரீஷியன் தம்பி அளந்து பார்த்து, 190 வோல்ட், 5.4 ஆம்பியர், பெருக்கினால் 1026 வாட்தான் என்கிறார். கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள். 1000 வாட் கெட்டிலை என் தலையில் கட்டிவிட்டார்களா? கரண்ட் பில் கூடுமா? பிளக்கும் சூடாகிறது.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கெட்டில் சரியான கெட்டில்தான். கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தம்பி அளந்த இரண்டு எண்களும் சரி. அவற்றைப் பெருக்கியவர் வகுத்தும் பார்த்திருக்க வேண்டும்.

வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது கம்பி மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு (தடை). உங்கள் வீட்டில் 190 ÷ 5.4 = 35.2 ஓம். இனி கெட்டிலைக் கவிழ்த்து அடியில் இருப்பதைப் படியுங்கள். 230 வோல்ட், 1500 வாட் என்று இருந்தால், 1500 ÷ 230 = 6.52 ஆம்பியர்; 230 ÷ 6.52 = 35.3 ஓம். இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் 1500 வாட்டுக்கு உரியதே. சுருளின் தடை பெரிதாக மாறாது. வாட்தான் வரும் வோல்டேஜுக்குத் தக்கபடி மாறும். வோல்டேஜ் 17 சதவீதம் குறைந்தால் ஆம்பியரும் அதே அளவு குறையும். இரண்டும் சேர்வதால் வாட் 32 சதவீதம் விழுந்துவிடுகிறது.

நிஜமாகவே 1000 வாட் சுருளை வைத்து 1500 என்று ஒட்டியிருந்தால், அது 53 ஓம் இருக்கும்; அதே 190 வோல்டில் தம்பியின் மீட்டர் 3.6 ஆம்பியர்தான் காட்டியிருக்கும். அப்படி இருந்தால் பில்லோடு கடைக்குப் போகலாம். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

பில் கூடாது. 1500 வாட்டில் 5 நிமிடம் என்றாலும் 1026 வாட்டில் 7.3 நிமிடம் என்றாலும் கணக்கு 0.125 யூனிட்தான். கூடுதல் நேரத்தில் காற்றோடு போகும் சூடு சொற்பம்.

எனக்குக் கவலை தருவது பிளக் சூடாகிறது என்ற உங்கள் கடைசி வரிதான். பிளக்கைக் கழற்றிப் பின்னைப் பாருங்கள். நம் கரையோரத்தில் உப்புக் காற்றுக்குப் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். அந்தக் களிம்பும் ஒரு தடைதான். அங்கே ஒரே ஒரு ஓம் தடை இருந்தாலும் 5.4 × 5.4 × 1 = 29 வாட் சூடு அந்தப் பின்னிலேயே இறங்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தையே உருக்குகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னைச் சுத்தம் செய்யுங்கள். சாக்கெட்டில் பழுப்பு ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் போடுங்கள். அடாப்டர் வைத்து 6 ஆம்பியர் பாயிண்டில் வேண்டாம். முழு வோல்டேஜ் வந்தால் இந்தக் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும்.

அப்புறம், அந்த 190 எங்கே குறைகிறது? தம்பியிடம் சொல்லி அதே சாக்கெட்டில் கெட்டில் ஓடாதபோது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். முதலில் 193, பிறகு 190 என்றால் தெருவிலிருந்து வரும்போதே லோ வோல்டேஜ். டிரான்ஸ்பார்மருக்குத் தள்ளி, நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இப்படி ஆகும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கும் மாவட்டத்தில் இப்படியா என்று தோன்றலாம்; உற்பத்தி எவ்வளவு இருந்தாலும் தெருக் கம்பி தாங்குவதுதான் வீட்டுக்கு வரும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் அளந்த நேரத்தையும் வோல்டையும் சொல்லிப் புகார் பதியுங்கள். அக்கம்பக்கத்தாரும் பதிந்தால் நல்லது.

முதலில் 220 இருந்து, கெட்டில் போட்டதும் 190 ஆனால் கதையே வேறு. வழியில் 30 வோல்ட் காணாமல் போகிறது. 30 × 5.4 = 162 வாட் சூடு எங்கோ ஒயரிலோ ஜாயிண்டிலோ இறங்குகிறது. மீட்டர் பலகையிலும் அளக்கச் சொல்லுங்கள். அங்கே விழாமல் சாக்கெட்டில் மட்டும் விழுந்தால் கோளாறு வீட்டுக்குள். அதைச் சரிசெய்யும்வரை அந்தச் சாக்கெட்டில் கெட்டிலைப் போடாதீர்கள்.

இந்த வகுத்தல் கணக்கு கெட்டில், அயர்ன் பாக்ஸ் போன்ற சூடாக்கும் பொருள்களுக்குத்தான் பொருந்தும். ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டாருக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். மோட்டாரில் வோல்ட் × ஆம்பியர் அப்படியே வாட் ஆகாது. லோ வோல்டேஜில் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடேறும். ஸ்டெபிலைசருக்குக் காசு செலவழிப்பதாக இருந்தால் ஃபிரிட்ஜுக்குச் செலவழியுங்கள், கெட்டிலுக்கு வேண்டாம்.