தாத்தாவின் தெம்பு பேரனுக்கு ஏன் இல்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 84 வயது. இன்றும் தோட்டத்துக்கு நடந்தே போய் வருகிறார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. எனக்கு 57. மகனுக்கு 28 வயதுதான், சென்னையில் ஐ.டி. வேலை. கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.0, ஈரலில் கொழுப்பு முதல் நிலை, வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. உயரம் 168 செ.மீ., எடை 71 கிலோ. பார்த்தால் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தொப்பை மட்டும் கொஞ்சம் தெரியும். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒரு சொல் சொன்னால் தாங்குவதில்லை. இந்தத் தலைமுறையே வலுவில்லாமல் பிறந்துவிட்டதா? கம்பு, கேழ்வரகு என்று அப்பா சாப்பிட்டதையே கொடுத்தால் சரியாகிவிடுமா?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் மகன் வலுவில்லாமல் பிறக்கவில்லை. அவருக்கு வந்திருப்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 28 வயதில் அது வந்திருப்பது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பெரும்பாலும் திருப்பக்கூடிய கட்டத்தில் இருக்கிறார். எப்படித் திருப்புவது என்பதற்கு முன், நீங்கள் செய்திருக்கும் ஒப்பீட்டைப் பார்த்துவிடலாம். அந்த ஒப்பீடு மனதில் இருக்கும்வரை மகனுக்கு வேண்டிய உதவியை உங்களால் சரியாகச் செய்ய முடியாது.

அப்பாவுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் ஐந்து வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70. தமிழ்நாட்டில் 1971-இல் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தையிலும் 113 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் அது 13. பெரியம்மை, காலரா, காசநோய், பிரசவத்தில் உதிரப்போக்கு, கொக்கிப்புழு உண்டாக்கிய சோகை எல்லாம் அந்தத் தலைமுறையைச் சலித்து எடுத்தன. சல்லடையில் தங்கியவர் உங்கள் அப்பா. விழுந்தவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. நூறு பேரில் தேறி நின்ற ஒருவரை, அன்றிருந்தால் தேறியிருக்காதவர்களும் பிழைத்து வாழும் ஒரு தலைமுறையின் சராசரி இளைஞரோடு நிறுத்திப் பார்க்கிறோம்.

இன்னொன்று, அன்று நோய்க்குப் பெயர் இல்லை. ‘நெஞ்சடைச்சுப் போயிட்டார்’ என்ற பலருக்கு வந்தது மாரடைப்பு. ‘கால் புண் ஆறாமலே போயிட்டார்’ என்றவர்களில் பலருக்குச் சர்க்கரை இருந்திருக்கும். பீடி பிடித்தவருக்கு வந்த இழுப்பை வயசான இருமல் என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவருக்கு நோயே இல்லை என்று அர்த்தமில்லை. அளந்து பார்க்கவில்லை என்பதுதான் நமக்குத் தெரியும்.

ஆனாலும் ஓர் இடத்தில் உங்கள் பயம் சரி. சர்க்கரை நோய் உண்மையாகவே பெருகியிருக்கிறது, உண்மையாகவே இளம் வயதுக்கு இறங்கி வந்திருக்கிறது. 1970-களில் இந்திய நகரங்களில் எடுத்த கணக்கில் நூற்றுக்கு இரண்டு பேரை ஒட்டி இருந்தது. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் 11.4 சதவீதம், அதாவது 10.1 கோடிப் பேர். இன்னும் 15.3 சதவீதம் பேர் உங்கள் மகன் நிற்கும் வாசற்படியில் நிற்கிறார்கள். இதைப் பரிசோதனை அதிகமானதால் மட்டும் வந்த எண்ணிக்கை என்று தள்ளிவிட முடியாது.

காரணத்தின் ஒரு பாதி உங்கள் குடும்பத்தின் பழைய பசியில் இருக்கிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் அளவு) ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்தபோதும் இதையே கண்டார்கள். எடை சராசரியாக 2.7 கிலோ, தசை குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் அரை வயிற்றோடு கருவைச் சுமந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. பஞ்சத்தைத் தாக்குப்பிடிக்கப் பழகிய உடம்பு, வயிறு நிறையச் சோறு கிடைக்கும் காலத்தில் சர்க்கரைக்கு ஆளாகிறது. நீங்கள் மெச்சும் அந்தக் காலத்தின் பட்டினிக்கு உங்கள் மகனின் தொப்பையில் பங்குண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

அதனால்தான் ‘குண்டாகத் தெரியவில்லையே’ என்பது நம்மவர்களுக்கு ஆறுதலாகாது. மகனின் குறியீடு 25. நம் நாட்டவருக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25 தொட்டால் உடல் பருமன். எடையைவிட வயிற்றுச் சுற்றளவு முக்கியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பை வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேன்ட் அளவு கணக்கில்லை, அது தொப்பைக்குக் கீழே நிற்கும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

மறுபாதி, உழைப்புக்கும் தட்டுக்கும் உள்ள கணக்கு. 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை செய்தால் நாளுக்குச் சுமார் 2,110 கிலோ கலோரி போதும். வயலில் கடுமையாக உழைத்தால் 3,470 வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வகுத்த அளவு இது. வித்தியாசம் 1,360. அரிசியில் சொன்னால் ஏறக்குறைய 400 கிராம். உங்கள் அப்பா மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டு ஒட்டிய வயிற்றோடு இருந்தது இதனால்தான். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசை. மண்வெட்டி பிடித்த தசை அதை உடனே எரித்துவிட்டு அடுத்த வேளைக்குக் காலியாக நிற்கும். பத்து மணி நேரம் நாற்காலியில் கிடந்த தசையில் இடமில்லை. வாங்காத சர்க்கரை ஈரலில் கொழுப்பாகப் படிகிறது, கொழுப்பேறிய ஈரல் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. மகனின் அறிக்கையில் சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் சேர்ந்தே வந்திருப்பது அதனால்தான். இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

கம்பு, கேழ்வரகுக்கு வருகிறேன். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து, கேழ்வரகில் 67, கம்பில் 62. வித்தியாசம் உண்டு, அற்புதம் இல்லை. கம்பில் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் கூடுதல் என்பது உண்மை. ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். சிறுதானியம்தானே என்று ஆறு தோசை சாப்பிட்டு, மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி ஏறிப் போய் நிற்பவர்கள் பலர். கம்பை உடைத்துச் சோறாக்கி, ஒரு கப் அளவோடு, காயும் பருப்பும் சேர்த்துச் சாப்பிட்டால் பலன் உண்டு. அப்பாவைக் காத்தது கூழ் மட்டும் என்று நினைக்காதீர்கள். கூழ் குடித்தபின் அவர் பிடித்த மண்வெட்டிக்கும் அதில் பங்குண்டு.

இனி மகன் செய்ய வேண்டியது. இலக்கு ஐந்து கிலோ, அதாவது எடையில் 7 சதவீதம், நான்கிலிருந்து ஆறு மாதத்தில். அமெரிக்காவில் இதே நிலையில் இருந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும் மூன்றாண்டுகளில் சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் தடுத்தன. சென்னையிலிருந்து நடத்தப்பட்ட இந்திய ஆய்வில் தடுப்பு 28.5 சதவீதம். நம் உடம்புவாகுக்குப் பாடு சற்று அதிகம் தேவைப்படலாம். நடையோடு நிறுத்தாமல் தசை வளர்க்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள நான் வற்புறுத்துவது அதனால்தான்.

மதியமும் இரவும் சாப்பிட்டு முடித்த அரை மணிக்குள் 15 நிமிடம் நடக்கட்டும். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைவிட, சர்க்கரை ஏறும் நேரத்தில் நடப்பது அதை நன்றாக மட்டுப்படுத்தும். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், தசைப் பயிற்சி. கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனை இடுப்பு வரை தூக்கி இறக்குவது 10 முறை. இது ஒரு சுற்று. மூன்று சுற்று செய்ய 20 நிமிடம் ஆகும். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமம் போய்விட்டால் எடையையோ எண்ணிக்கையையோ கூட்ட வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். முதல் வாரமே ஓடத் தொடங்கி, மூட்டு வலித்து, மூன்றாம் வாரம் விட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் உட்கார்ந்த தசைக்கு எட்டு வாரமாவது அவகாசம் கொடுங்கள். மாடிப்படி மூச்சிரைப்பு பெரும்பாலும் அதற்குள் குறையும். குறையாவிட்டாலோ, நெஞ்சு வலி, படபடப்பு, கால் வீக்கம் கூட வந்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனைகளை எப்படியும் ஒருமுறை எடுத்துவிடலாம்.

தட்டில் சோறு ஒரு கப் போதும், வெந்த பிறகு 150 கிராம். தட்டின் பாதி காய். கிழங்கைக் காய்க்கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் எடைக்குப் புரதம் நாளுக்கு 59 கிராம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி கடலைச் சுண்டலில் 10, 100 கிராம் மீனில் 20, பாலும் தயிருமாக 400 மில்லியில் 13 கிராம் கிடைக்கும். மீதி சோற்றிலும் பருப்பிலும் வந்துவிடும். காலையில் நான்கு இட்லியும் சட்னியும் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த வேளையில் புரதம் மிகக் குறைவு, பதினொரு மணிக்கே பசிக்கும், பிஸ்கட் உள்ளே போகும். டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை வீதம் நான்கு டீ குடித்தால் 40 கிராம் சர்க்கரை. அதை நிறுத்துவது மிகச் சுலபமான முதல் வெற்றி. மது இருந்தால் ஈரலுக்காக முழுவதும் நிறுத்தவே சொல்வேன். தூக்கம் ஏழு மணி நேரம். நள்ளிரவுப் பிரியாணியோடு இந்தத் திட்டம் எதுவும் நிற்காது.

வைட்டமின் டி 20-க்குக் கீழ் இருப்பதால் டாக்டர் 60,000 யூனிட் மாத்திரை எழுதுவார், வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம். அதைத் தினம் ஒன்று என்று எடுத்து, கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வருபவர்கள் உண்டு. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று நாளைக் குறித்துக்கொள்ளட்டும்.

சர்க்கரைக்கு இப்போதே மாத்திரை தேவைப்படாது. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனை அளப்பது இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை; சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதற்கு முன் பார்த்தால் பழைய சர்க்கரையின் சாயல் மிச்சமிருக்கும். இரும்புச்சத்துக் குறைந்த சோகை இருந்தால் இந்த அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 5.7-க்குக் கீழ் வந்தால் ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும். 6.5-ஐத் தொட்டால் மறுபரிசோதனையில் உறுதி செய்து சிகிச்சை தொடங்க வேண்டும்.

‘ஒரு சொல் தாங்குவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், நிறையப் படிப்பவர்களுக்குத்தான் ‘இக்காலப் பிள்ளைகள் படிப்பதில்லை’ என்று அதிகமாகத் தோன்றியது, அதிகாரத்துக்குப் பணிய வேண்டும் என்று கருதுபவர்களுக்குத்தான் ‘பெரியவர்களை மதிப்பதில்லை’ என்று அதிகமாகத் தோன்றியது. எதில் நாம் தேர்ந்தவர்களோ அதில் இளையவர்கள் தேய்ந்துவிட்டதாகத் தெரிகிறது. நீங்கள் உழைப்பாளி, அதனால் மகனின் சோர்வு உங்கள் கண்ணில் பெரிதாகப் படுகிறது. ‘தாத்தாவைப் பார்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள், தயவுசெய்து. அதைக் கேட்டுக் கேட்டு அடுத்த ரிப்போர்ட்டை ஒளித்துவைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது கோழைத்தனம் அல்ல, மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். அரசின் இலவச ஆலோசனை எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. மகனுக்கு 28 வயதில் சர்க்கரை எல்லை தாண்டுகிறது என்றால், பெற்றோர் இருவரில் ஒருவருக்காவது இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் பார்த்தீர்களா? நீங்களும் மனைவியும் இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அப்பாவையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் அழுத்தம் மட்டுமாவது பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்தபின் இரண்டு முறை அளக்க வேண்டும். பிறகு எழுந்து நிற்கவைத்து, ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை. நிற்கும்போது மேல் அளவு 20 புள்ளி சரிந்தால், தோட்டத்தில் குனிந்து நிமிரும்போது அவர் தலைசுற்றி விழலாம். அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.