கேளுங்கள், சொல்கிறோம்: பழைய கோவாவின் பிரான்சிஸ்கன் மடம்

கேள்வி: பழைய கோவா தொல்லியல் அருங்காட்சியகக் கட்டடம் முன்பு கான்வென்டாமே? கன்னியர்கள் இருந்த இடமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இல்லை, ஆண் துறவிகளின் மடம். கான்வென்ட் என்றதும் நமக்குக் கன்னியர் நடத்தும் பள்ளிதான் நினைவுக்கு வரும். போர்த்துகீசில் அந்தச் சொல் இரு பாலார் மடத்துக்கும் பொது. 1517-இல், அசிசி பிரான்சிஸ் தொடங்கிய பிரான்சிஸ்கன் சபையின் எட்டு துறவிகள் மூன்று பீடங்களோடு சிறு சிற்றாலயம் எழுப்பினார்கள். 1521-இல் அது தேவாலயமானது. போர்ச்சுகல் அரசு துறவற சபைகளைக் கலைத்ததால் 1835-இல் மடம் காலியானது. அருங்காட்சியகம் வந்தது 1964-இல்.

கேள்வி: மடத்தை ஒட்டிய தேவாலயம் பரோக் பாணி, அதாவது ஐரோப்பாவின் ஆடம்பர அலங்காரப் பாணி என்கிறார்கள். முகப்பு வெறும் வெள்ளைச் சுவராகத்தானே இருக்கிறது? (வாசகர், மதுரை)

பதில்: வாசலிலேயே கொஞ்சம் நில்லுங்கள். 1661-இல் பழைய கோயிலை இடித்துக் கட்டியபோது இந்த ஒரு வாசலை மட்டும் விட்டுவைத்தார்கள். அதனால் கதவைச் சுற்றியுள்ள செதுக்கு வேலை, சுவரைவிட 140 வயது மூத்தது. போர்த்துகீசிய அரசர் மனுவேல் காலத்துப் பாணி: உருண்டைத் தூண்கள், ரோஜாப்பூப் பட்டை, வானத்தின் மாதிரியாக மாலுமிகள் வைத்திருந்த வளையக் கோளங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது. மாலை வெயிலில்தான் இவை தெளிவாகத் தெரியும்.

பரோக்கைப் பார்க்க உள்ளே போக வேண்டும். நடுப்பீடம் முழுக்க மரச்செதுக்கு, மேலே தங்க ரேக்கு. சிலுவையில் இயேசு, அருகே அசிசி பிரான்சிஸ், கீழே பேதுருவும் பவுலும். பக்கத்துக்கு மூன்றாக இருக்கும் சிற்றாலயங்களைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்களைக் கவனியுங்கள். அவை அலங்காரத் தடுப்பு அல்ல. பீப்பாய் வடிவக் கூரை வளைவு பக்கவாட்டில் தள்ளும் பாரத்தைத் தாங்குவதே அவைதான். அவற்றின் மேல்தான் பூக்கொடி ஓவியங்கள். இவ்வளவு கனமான கட்டுமானத்தை இவ்வளவு மென்மையாக மறைத்த வேலை வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

கேள்வி: இந்தக் கோயில் சுவருக்குச் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் பூசக்கூடாதா? (வாசகர், கோவை)

பதில்: கூடவே கூடாது. சுவர் செம்புரைக்கல், குமரிப் பக்கம் வெட்டுக்கல் என்பார்களே, அது. துளைகள் நிறைந்தது, நீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் ஆவியாகிவிடும்; சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், உப்புப் பூத்துக் கல் உதிரும். பூச்சே இல்லாமலும் விட முடியாது. எதிரிலுள்ள பொம் ஜேசு பேராலயத்தின் பூச்சை 1950-களில் உரித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் கல்லை அரித்துவருகிறது.

கேள்வி: இந்தக் கோயிலுக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: உண்டு. முகப்பு மாடத்தில் இருக்கும் அற்புத மாதா சொரூபம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. போர்த்துகீசியர் உங்கள் கோட்டைக்கு வைத்த பெயரும் அற்புத மாதாவின் பெயர்தான். 1658-இல் டச்சுக்காரர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள்.